அப்பா வீட்டைவிட்டு வெளியே வராத இயக்குநர்

ஆங் லீயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் ஆரம்பிப்பார்கள். தைவானில் பிறந்தவர், ஜேன் ஆஸ்டினின் இங்கிலாந்தைப் படமாக்கினார், எழுபதுகளின் அமெரிக்கப் புறநகரைப் படமாக்கினார், மூங்கில் உச்சியில் வாள்சண்டை போடவிட்டார், வயோமிங் மலையில் ஆடு மேய்க்கிற இரண்டு ஆண்களைக் காதலிக்க வைத்தார், புதுச்சேரிப் பையனைப் புலியோடு படகில் ஏற்றிவிட்டார். இத்தனையும் ஒரே ஆளா என்று வியந்துவிட்டு, 'கலாசார எல்லைகளைக் கடந்த கலைஞன்' என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. இந்த மனிதர் எங்கேயும் போகவில்லை. ஒரு வீடு, அதில் அதிகம் பேசாத ஓர் அப்பா, அவரிடம் சொல்ல முடியாத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. இதைத்தான் முப்பது வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஊரும் உடையும் மொழியும் மாறுவதால் நமக்கு வேறு வேறு படமாகத் தெரிகிறது.

ஆங் லீயுடைய அப்பாவின் பெயர் லீ ஷெங். சீனாவின் ஜியாங்சி மாகாணத்துக்காரர், நிலம் வைத்திருந்த குடும்பம். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த காலத்தில் குடும்பத்தார் கொல்லப்பட, இவர் தப்பித் தைவானுக்கு வந்து சேர்ந்தார். ஆசிரியராகி, பிறகு தலைமையாசிரியரானார். ஆங் லீ 1954 இல் தெற்குத் தைவானில் பிங்துங் பக்கம் பிறந்தார், வீட்டுக்கு மூத்த மகன். பின்னால் இருந்த தலைமுறை முழுக்க அழிந்துபோன ஒரு மனிதருக்கு மூத்த மகன் என்றால் எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள்.

தைனான் நகரத்தின் பெயர்பெற்ற பள்ளியில் அப்பா தலைமையாசிரியர், மகன் அதே பள்ளியில் மாணவன். அந்த மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றான். அடுத்த வருடம் மறுபடி எழுதி, மறுபடி தோற்றான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை தெருவில் தலைகாட்ட முடியாத கதை நமக்குப் புதிதில்லை. கடைசியில் தைப்பேயில் ஒரு கலைக் கல்லூரியில் நாடகமும் சினிமாவும் படிக்கச் சேர்ந்தார். பேராசிரியராக வேண்டிய பையன் கூத்தாடியாகப் போகிறானே என்பது அப்பாவின் வருத்தம். அந்தக் கல்லூரி நாட்களில் ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெரிமனின் 'த வெர்ஜின் ஸ்பிரிங்' பார்த்து அப்படியே உறைந்துபோனதாக லீ பலமுறை சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, 2006 இல், பெரிமன் வாழ்ந்த ஃபோரோ தீவுக்கே போய் அவரைப் பார்த்தார். கிழவர் இவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்பா கட்டிப்பிடிக்காத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன மாதிரியான தருணம் என்பது புரியும்.

கடற்படையில் கட்டாய ராணுவ சேவை முடித்து, எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கா போனார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நாடகம், அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா. அங்கே உடன் படித்தவர் ஸ்பைக் லீ. அவருடைய மாணவர் படத்தில் இவர் வேலை பார்த்தார். பட்டத்துக்காக இவர் எடுத்த சொந்தப் படம் பரிசு வாங்கியது, பெரிய ஏஜென்சி ஒன்று ஒப்பந்தம் போட்டது. அதோடு சரி. ஏறத்தாழ ஆறு வருடம் எந்த வேலையும் கிடைக்கவில்லை.

இந்த ஆறு வருடக் கதை நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும் கதைதான், 'கனவைக் கைவிடாதே' வகையறா. மனைவி ஜேன் லின் நுண்ணுயிரியல் ஆய்வாளர், அவர் வேலைக்குப் போனார். இவர் வீட்டில் சமைத்தார், மகனைப் பார்த்துக்கொண்டார், திரைக்கதை எழுதினார். எழுதியது எதுவும் விற்கவில்லை. தன்னம்பிக்கைக் கதையாக இதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் முப்பது வயதைத் தாண்டிய, சம்பாத்தியம் இல்லாத, அப்பாவுக்குக் கடிதம் எழுதக் கூசுகிற ஒரு மூத்த மகன் சமையலறையில் நின்றுகொண்டே எதையெல்லாம் கவனித்திருப்பார் என்பதில் ஆர்வம் உண்டு. பின்னால் வந்த படங்களில் யாராவது காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் தெரிகிற துல்லியம் சும்மா வந்ததில்லை.

1990 இல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டிக்கு இரண்டு கதைகளை அனுப்பினார். முதல் பரிசும் இரண்டாம் பரிசும் இவருக்கே. தைவானின் மத்தியத் திரைப்பட நிறுவனம் பணம் போட்டது. நியூயார்க்கில் 'குட் மெஷின்' என்ற சின்னத் தயாரிப்பு நிறுவனத்தை ஆரம்பித்திருந்த டெட் ஹோப்பும் ஜேம்ஸ் ஷேமஸும் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஷேமஸ்தான் அதற்குப் பிறகு இருபது வருடம் லீயின் கூட்டாளி, எழுத்தாளர், தயாரிப்பாளர்.

அப்படி வந்தவைதான் 'புஷிங் ஹேண்ட்ஸ்', 'த வெடிங் பாங்க்வெட்', 'ஈட் டிரிங்க் மேன் வுமன்'. மூன்றிலும் அப்பாவாக வருபவர் சிஹுங் லுங் என்ற பழைய நடிகர். நரைத்த தலை, இறுகிய வாய், எதையும் முழுசாகச் சொல்லாத முகம். 1991 இல் வந்த முதல் படத்தில் அவர் பெய்ஜிங்கிலிருந்து நியூயார்க் புறநகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த, தாய்ச்சி என்ற தற்காப்புக் கலையின் ஆசான். மருமகள் அமெரிக்க எழுத்தாளர். அவளுக்குச் சீனம் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தின் முதல் சில நிமிடங்களில் வசனமே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டு நடமாடுவதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். கிரீன் கார்டு வாங்கின பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நம் ஊர் அப்பா அம்மா யாரிடமாவது இந்தப் படத்தைக் காட்டினால், வசனம் இல்லாமலேயே எல்லாம் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது படம்தான் என் கணக்கில் அவருடைய மிக நேர்த்தியான கதை. 1993 இல் வந்தது. மன்ஹாட்டனில் வசிக்கும் தைவான் பையன் வை துங். அவனுடைய துணைவர் சைமன் என்ற ஆண். ஊரில் அப்பா அம்மா கல்யாணம் செய்துகொள் என்று நச்சரிக்கிறார்கள். கிரீன் கார்டு தேவைப்படும் ஷாங்காய்ப் பெண் ஒருத்தியோடு ஒப்புக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஏற்பாடு ஆகிறது. அப்பா அம்மா விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். சின்னதாக முடியவேண்டிய பொய், மண்டபம் நிறைய ஆட்கள் கூடிக் குடித்துக் கும்மாளம் போடும் கல்யாணமாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு விருந்தாளியாக லீயே தலைகாட்டி, நீங்கள் பார்ப்பது ஐயாயிரம் வருடப் பாலியல் அடக்குமுறையின் விளைவு என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார்.

சிரிப்புப் படம்தான். ஆனால் பிற்பகுதியில் அப்பா சைமனைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் சிவப்பு உறையைக் கொடுக்கிறார். அது மருமகளுக்குத் தருகிற உறை. ஆங்கிலம் தெரியாது என்று நாம் நினைத்திருந்த கிழவருக்கு எல்லாமே தெரியும். தெரியும் என்பதை மனைவியிடமோ மகனிடமோ சொல்லப்போவதில்லை. அவர்கள் என்னை ஏமாற்ற நான் விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் எனக்குப் பேரன் எப்படிக் கிடைப்பான் என்கிற கணக்கு அவருடையது. அம்மாவுக்கும் விஷயம் தெரியும், அப்பாவிடம் சொல்லாதே என்கிறாள். ஆக, வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் பேசப்போவதில்லை. குடும்பம் என்றால் என்ன என்று இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன படம் நான் பார்த்ததில்லை. கடைசியில் விமான நிலையச் சோதனையில் அப்பா இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்குவார். சரணடைகிறாரா, சோதனைக்கு நிற்கிறாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறார்.

ஏறத்தாழ பத்து லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் வசூலித்தது. பெர்லின் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கக் கரடியும் வாங்கியது.

மூன்றாவது படத்தின் தொடக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தைப்பேயின் பெரிய சமையல் வல்லுநர் தன் மூன்று மகள்களுக்காக ஞாயிற்றுக்கிழமை விருந்து தயாரிக்கிறார், மீனைச் செதில் நீக்கி, வாத்தைக் காற்றடைத்து, கத்தி பறக்கிறது. வாயில் எச்சில் ஊறும். சமைப்பவருக்கோ நாக்கில் ருசி போய்விட்டது, மகள்களுக்கு அந்த விருந்தில் உட்காரவே பிடிக்கவில்லை. மேசை நிறையப் பதார்த்தம், பேச்சு மட்டும் இல்லை. இந்தத் திரைக்கதையைத் திருத்தும்போது நடந்த ஒன்றை ஷேமஸ் எழுதியிருக்கிறார். கதாபாத்திரங்களைச் சீனர்களாக எழுத முயன்று முயன்று அலுத்துப்போன அவர், பேசாமல் அவர்களை யூதக் குடும்பமாக நினைத்துக்கொண்டு காட்சிகளை எழுதி, பிறகு பெயர்களைச் சீனத்துக்கு மாற்றினாராம். படித்தவர்கள் எவ்வளவு அசலான சீனம் என்று பாராட்டினார்களாம். கலாசாரம் கலாசாரம் என்று நாம் போடுகிற சத்தத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்கிறதா தெரியவில்லை.

அப்புறம்தான் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. எம்மா தாம்சன் வருடக்கணக்காக எழுதித் திருத்திய திரைக்கதை. தைவான்காரரிடம் போய் ஜேன் ஆஸ்டினைக் கொடுப்பார்களா? தயாரிப்பாளர் லிண்ட்சே டோரன் கொடுத்தார். சமையல் படத்தில் அக்கா தங்கையிடம், என் மனதைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்கிற இடம் ஒன்று உண்டு. ஆஸ்டின் திரைக்கதையிலும் அக்கா தங்கையிடம் அதே கேள்வியைக் கேட்கிறாள். டோரன் இதைக் கவனித்தவர். பொறுப்புணர்ச்சியால் வாயைக் கட்டிக்கொண்ட அக்கா, எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற தங்கை, வரதட்சணைக்கு வழியில்லாத வீடு, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். 1811 இல் வந்த இங்கிலாந்து நாவல் என்று அட்டையில் போட்டிருக்கிறது, கும்பகோணம் என்று போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்.

படப்பிடிப்பு அவ்வளவு சுமுகமாக இல்லை. எம்மா தாம்சன் வெளியிட்ட நாட்குறிப்பில் இருக்கிறது: முதல் நாள் ஊதுபத்தி ஏற்றிப் பூஜை போட்டு ஆரம்பித்திருக்கிறார் லீ. கொஞ்ச நாளில் தாம்சனும் ஹியூ கிராண்டும் காட்சியை இப்படி எடுக்கலாமே என்று யோசனை சொல்ல, மனிதர் நொறுங்கிப் போய்விட்டார். தைவானில் இயக்குநருக்கு நடிகர் யோசனை சொல்லும் பழக்கமே கிடையாது. அவரும் பதிலுக்குக் கனிவாகப் பேசக் கற்றிருக்கவில்லை. கிழவியாகத் தெரியாதீர்கள் என்று தாம்சனிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் படத்தின் கடைசியில் தான் விரும்பிய எட்வர்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் அக்கா எலினார் வெடித்து அழுகிறாளே, இரண்டு மணி நேரம் மூடி வைத்திருந்த மூடி ஒரே நொடியில் பறக்கிற அந்த இடம், அது அசல் லீ. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, இயக்குநருக்கு மட்டும் வரவில்லை. பெர்லினில் இன்னொரு தங்கக் கரடி கிடைத்தது. இரண்டு தங்கக் கரடி வாங்கிய இயக்குநர் அவர் ஒருவரே.

1997 இல் 'த ஐஸ் ஸ்டார்ம்'. 1973, நிக்சன் காலம், கனெக்டிகட்டில் வசதியான குடும்பங்கள், கார் சாவிகளைக் கிண்ணத்தில் போட்டு ஜோடி மாற்றிக்கொள்ளும் விருந்து. எல்லாக் கட்டுப்பாடும் போன பிறகும் அப்பா பிள்ளையிடம் பேச வார்த்தை இல்லாமல் தவிக்கிறார். கடைசியில் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்த அப்பாவாக நடித்த கெவின் கிளைன் உடைந்து அழுவார். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1999 இல் எடுத்த 'ரைட் வித் த டெவில்' தியேட்டரில் வந்ததே பலருக்குத் தெரியாது. எனக்கும் பெரிதாக ஒட்டவில்லை.

2000 இல் 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்'. பறந்து பறந்து சண்டை போடும் படம் என்றுதான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. யுவான் வூபிங்கின் சண்டை அமைப்பு, டான் டுன்னின் இசை, பீட்டர் பாவின் ஒளிப்பதிவு, நான்கு ஆஸ்கர். ஏறத்தாழ 1.7 கோடி டாலரில் எடுத்து அமெரிக்காவில் மட்டும் 12 கோடிக்கு மேல் வசூலித்த படம். சப்டைட்டில் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அமெரிக்கர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால் படத்தின் மையத்தில் இருப்பது ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு நடுவயது வாள்வீரர்கள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் இவனுடைய உடன்பிறவாச் சகோதரன், செத்துப்போய்விட்டான். செத்தவனுக்கு மரியாதையாக இருவரும் காலம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சண்டைக்காட்சி முடிந்து டீ ஊற்றும் காட்சிக்காகக் காத்திருந்து பார்க்கவேண்டிய படம் அது. சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியில் சண்டையைச் சேர்த்தால் எப்படியோ அப்படி என்று லீயே விளக்கியிருக்கிறார்.

சீனாவில் வரவேற்பு மந்தம். காரணங்களில் ஒன்று உச்சரிப்பு. நாயகன் சௌ யுன் ஃபாட் ஹாங்காங்கின் கான்டனீஸ்காரர், மிஷெல் யோ மலேசியாக்காரர், சீன எழுத்தைப் படிக்கவே தெரியாமல் ஒலியை மனப்பாடம் செய்து மாண்டரின் பேசியவர். சாங் சென் பேசுவது தைவான் வாடை, ஸாங் ஸியி பேசுவது பெய்ஜிங் வாடை. ஒரே அரசவம்சக் காலத்துக் கதையில் நான்கு ஊர்த் தொனியா என்று சிரித்தார்கள். நம் ஊரில் கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுத்துக் காரியத்தை முடித்துவிடுவோம், இவர் அவர்கள் குரலையே வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நடந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் சீனா வரைபடத்தில் இருக்கும் சீனா இல்லை. அப்பா விட்டுவிட்டு வந்து, மகன் தைவானில் உட்கார்ந்து கதைகளிலும் சினிமாவிலும் கேட்டு வளர்ந்த நாடு. அப்படிப்பட்ட நாட்டில் யார் எந்த வாடையில் பேசினால் என்ன? அப்பாக்கள் விட்டுவந்த ஊரைப் பற்றிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் ரங்கூனிலிருந்து திரும்பியவர் வீட்டிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோ போனவர் வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு இந்தப் படம் கூடுதலாக ஒன்று சொல்லும்.

2003 இல் 'ஹல்க்'. காமிக்ஸ் ராட்சதனைக்கூட அப்பா-மகன் கதையாக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பச்சை உருவத்துக்கான அசைவுகளைச் சில இடங்களில் அவரே உடலில் கருவி மாட்டிக்கொண்டு நடித்துக் கொடுத்தார். அடங்கிய சுபாவக்காரர், உள்ளே இருப்பதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ராட்சதனாக மேசை நாற்காலியைத் தூக்கிப் போடுவதைக் கற்பனை செய்து பார்க்கிறேன். படம் யாருக்கும் பிடிக்கவில்லை. உடல் தளர்ந்து, சினிமாவே வேண்டாம் என்று ஓய்வெடுக்கும் எண்ணத்தில் ஊருக்குப் போனார். வாழ்நாள் முழுக்கச் சினிமாவை ஒப்புக்கொள்ளாத அப்பா, முதல்முறையாக, நிறுத்தாதே, போய்ப் படம் எடு என்றார். சில நாட்களில், 2004 பிப்ரவரியில், இறந்துபோனார்.

அதற்குப் பிறகு எடுத்ததுதான் 'புரோக்பேக் மௌண்டன்'. 1997 இல் ஆனி புரூ எழுதிய சிறுகதை, லாரி மெக்மர்ட்ரியும் டயானா ஒஸானாவும் எழுதிய திரைக்கதை, பல ஆண்டுகளாக யாரும் தொடத் தயங்கியது. 1963 இல் மலையில் ஆடு மேய்க்கப் போகும் எனிஸும் ஜாக்கும் இருபது வருடம் ஒளிந்து ஒளிந்து சந்தித்துக்கொள்கிறார்கள். எனிஸாக வரும் ஹீத் லெட்ஜர் வார்த்தைகளை உதட்டுக்குள்ளேயே மென்று விழுங்குகிறார். எனிஸ் ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் படத்தில் ஒரு நினைவு மட்டும் வரும். ஓர் ஆணோடு வாழ்ந்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டவனின் பிணத்தை, சிறுவனாக இருந்த எனிஸையும் அவன் அண்ணனையும் கூட்டிப்போய் அப்பா காட்டுகிறார். பார்த்து வைத்துக்கொள் என்பது போல. வயோமிங்கின் வறண்ட வெளியை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று விமரிசகர்கள் ஆச்சரியப்பட்டார்கள் (படப்பிடிப்பு கனடாவின் ஆல்பர்ட்டாவில்). வெளியைப் புரிந்துகொள்ள ஆட்கள் இருந்தார்கள், மெக்மர்ட்ரி அமெரிக்க மேற்கைப் பற்றியே எழுதிவந்தவர். லீ கொண்டுவந்தது அந்த அப்பாவை.

வெனிஸ் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கச் சிங்கம். 2006 மார்ச்சில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர், ஆசியர் ஒருவருக்கு முதல் தடவை. சிறந்த படம் விருதை 'கிராஷ்' தட்டிக்கொண்டு போனது, அதை இன்று யார் பார்க்கிறார்கள்? சீன ஊடகங்கள் உலகச் சீனர்களின் பெருமை என்று லீயைக் கொண்டாடின. படம் சீனாவில் வெளியாகவில்லை. அடுத்த வருடம் ஐலீன் சாங்கின் கதையை வைத்து எடுத்த 'லஸ்ட், காஷன்' மறுபடியும் தங்கச் சிங்கம் வாங்கியது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஷாங்காயில் துரோகி அதிகாரியைக் கொல்ல அனுப்பப்பட்ட நாடகக்காரப் பெண், வைர மோதிரக் கடையில் கடைசி நொடியில் அவனைத் தப்பவிடுகிறாள். சீனாவில் சில நிமிடங்களை வெட்டித்தான் திரையிட்டார்கள். அப்புறம் நாயகி டாங் வெய்யை அங்கே திரையிலும் விளம்பரத்திலும் காட்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். இயக்குநருக்கும் நடிகர் டோனி லியுங்குக்கும் எதுவும் ஆகவில்லை. தண்டனை பெண்ணுக்கு மட்டும், வழக்கம்போல.

இப்போது நம் பக்கம். 'லைஃப் ஆஃப் பை' நாவலைப் படமாக்க முதலில் பேசப்பட்டவர் ஷியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். அவர் விலக, இன்னும் இரண்டு பேர் கைமாறி லீயிடம் வந்தது. மூவாயிரம் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சூரஜ் சர்மா, தன் தம்பியோடு துணைக்கு வந்த டெல்லிப் பையன், நீச்சல் தெரியாது. தைவானில் தைச்சுங் நகரத்தின் பழைய விமான நிலையத்தில் 17 லட்சம் கேலன் தண்ணீர் பிடிக்கும் அலைத்தொட்டி கட்டினார்கள். 76 நாள் அட்லாண்டிக்கில் தனியாக மிதந்து பிழைத்த ஸ்டீவன் கலஹனை ஆலோசகராகக் கூட்டிவந்தார்கள்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை எனக்கு மனக்குறை உண்டு. தாவரவியல் பூங்காவும் பெத்தி செமினேர் பள்ளியும் அழகாகவே இருக்கின்றன, மஞ்சள் சுவர், வெள்ளைக் கோடு, வாழ்த்து அட்டை மாதிரி. வீட்டுக்குள் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், தமிழ் கறிவேப்பிலை அளவுக்குத்தான். தெருவின் சத்தம், வியர்வை, கடற்கரைச் சாலையில் சாயங்காலம் கூடுகிற கூட்டம் எதுவும் இல்லை. ஆனால் படம் தொடங்கும்போது, மிருகக்காட்சி சாலையின் விலங்குகள் மேல், 'கண்ணே கண்மணியே' என்று பாம்பே ஜெயஸ்ரீயின் குரலில் ஒரு தாலாட்டு வருகிறது. தமிழ் வரிகள் ஆஸ்கர் பாடல் பரிந்துரைப் பட்டியலில் ஏறியது அதனால்தான். அந்தப் பாட்டு முடிவதற்குள் என் குறையில் பாதி போய்விடும்.

மீதிப் பாதியைப் போக்குவது அப்பா. அடில் உசேன் நடித்த அந்த அப்பா, மிருகத்தை நண்பன் என்று நினைக்காதே என்று மகனுக்குக் கற்பிக்க, ஓர் ஆட்டைக் கட்டிப் புலிக்கு இரையாகக் கொடுத்து அவனைப் பார்க்கவைக்கிறார். எனிஸின் அப்பா செய்த அதே காரியம்! ஆனால் இங்கே அந்தக் கொடூரப் பாடம்தான் நடுக்கடலில் பையனைக் காப்பாற்றுகிறது. பல வருடம் கழித்து, கதாநாயகன் 'பை' நடுவயதில் எப்படி இருப்பானோ அப்படி வரும் இர்ஃபான் கான், புலி திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போனதைச் சொல்லி அழுகிறார். அப்பாவிடம் கற்றதற்கெல்லாம் அவருக்கு நன்றி சொல்லவே முடியாமல் போயிற்று என்கிறார். புலிப் படம் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன நமக்கு அந்த வரி சும்மா கடந்து போயிருக்கும். 2004 பிப்ரவரியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

அந்தப் படத்துக்கு நான்கு ஆஸ்கர், இவருக்கு இயக்குநராக இரண்டாவது. மேடையில் சினிமாவின் கடவுளுக்கு நன்றி சொல்லி, கடைசியில் நமஸ்தே என்றார். அதே இரவில் வெளியே விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனம் அந்த மாதம்தான் திவால் மனு கொடுத்திருந்தது. விருது வாங்க மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது இசையைப் போட்டு மைக்கை அணைத்தார்கள். லீயின் நன்றிப் பட்டியலில் அந்தத் தொழிலாளர்களுக்கு உரிய இடம் இல்லை என்று அப்போது எழுந்த கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 60 கோடி டாலர் வசூலித்த படம் அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியாமல் இருந்து, மெல்லப் புரிந்த விஷயம். 2016 இல் 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்', 2019 இல் 'ஜெமினி மேன்'. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற வழக்கத்தை விட்டு 120 சட்டகம், அதுவும் முப்பரிமாணத்தில். முதல் படத்தை முழு வடிவில் காட்ட உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளே இருந்தன. அந்தக் கேமராவில் மேக்கப் போட்டால் போட்டது அப்படியே தெரியும், அதனால் நடிகர்கள் மேக்கப் இல்லாமல் நின்றார்கள். தோலின் துளை தெரிந்தது, கண்ணுக்குள் ரத்த நாளம் தெரிந்தது. இரண்டு படமும் விழுந்தன. மக்களுக்குத் தொழில்நுட்பம் பழகவில்லை என்றார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. முகத்தில் காட்டாததை வைத்தே முழு வாழ்க்கையும் படம் பண்ணியவர், முகத்தில் எதையும் மறைக்கவிடாத கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார். சிஹுங் லுங்கின் இறுகிய வாயை 120 சட்டகத்தில் எடுத்திருந்தால் நமக்கு ஊகிக்க என்ன மிச்சமிருந்திருக்கும்? ஆனாலும், இரண்டு ஆஸ்கரும் இரண்டு கரடியும் இரண்டு சிங்கமும் வாங்கிய பிறகு இப்படித் தெரிந்தே தோற்கப் போகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்றும் யோசிக்கிறேன்.

ஊர் அரசியலும் அவரை விடவில்லை. தைவானின் தங்கக் குதிரைத் திரைப்பட விருதுகளின் தலைவராக அவர் இருந்த 2018 இல், மேடையேறிய ஆவணப்பட இயக்குநர் ஒருவர் தைவானைத் தனி நாடாக உலகம் மதிக்கவேண்டும் என்று பேச, அடுத்த ஆண்டு சீனா மொத்தமாக விலகிக்கொண்டது. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது, கலையில் அரசியல் நுழைய வேண்டாமே என்று லீ பட்டும் படாமலும் பேசினார். பலருக்கு அது போதவில்லை. இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவர், வீட்டுச் சண்டையில் பேசுகிற தொனி அது. அவர் படத்து அப்பாக்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

2022 இல் புரூஸ் லீயின் வாழ்க்கையைப் படமாக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நாயகன் ஆங் லீயின் இளைய மகன் மேசன் லீ. அந்தப் படம் நடந்தால் மானிட்டர் முன்னால் உட்காரப்போவது அப்பா, கேமரா முன்னால் நிற்கப்போவது பிள்ளை. நடிகர்கள் யோசனை சொன்னால் நொறுங்கிப்போன மனிதர், மகன் சொன்னால் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசை.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு: 'த வெடிங் பாங்க்வெட்'டிலிருந்து தொடங்குங்கள், 1993 இல் வந்தது. 2025 இல் வேறொருவர் எடுத்த மறு ஆக்கமும் உண்டு, அதை அப்புறம் பார்க்கலாம். அடுத்து சமையல் படம், அதற்கடுத்து ஜேன் ஆஸ்டின், இந்த வரிசை முக்கியம், அக்கா தங்கைகளை அடுத்தடுத்துப் பார்க்கவேண்டும். கிரவுச்சிங் டைகருக்கு 2016 இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு தொடர்ச்சி வந்தது. ஆங் லீ எடுத்தது இல்லை, எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், சண்டைகள் உண்டு, டீ ஊற்றும் காட்சியை நான் தேடிப் பார்த்துவிட்டேன், அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.